முடக்குவாத மருந்தும் லிம்போமா பயமும்: எதைக் கவனிப்பது, எப்போது பயாப்சி கேட்பது

முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) எழுதித் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை அட்டையோடு வரும் தாளில் 'லிம்போமா', அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்ற சொல் இருக்கிறது. அதைப் படித்த பயத்தில் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் பலர். தாளில் இருப்பது பொய்யில்லை. ஆனால் மருந்தை விட்டதால் அந்த ஆபத்து குறைவதில்லை, பெரும்பாலும் கூடத்தான் செய்கிறது. முடக்குவாதத்தில் நிணநீர்ப் புற்றுநோய்க்கு வழிவிடும் முதல் காரணம், ஆண்டுக்கணக்காக அடங்காமல் கிடக்கும் அழற்சி. மருந்துகளின் பங்கு அதற்குப் பிறகுதான் வருகிறது; அதுவும் மருந்துக்கு மருந்து வேறுபடும். ஆகவே நோயாளி செய்ய வேண்டியவை இரண்டு: வீக்கத்தை அடக்கி வைப்பது, சந்தேகத்துக்குரிய நெறிக்கட்டியை நாள் கடத்தாமல் சரியான முறையில் பரிசோதிப்பது.

ஆபத்து எவ்வளவு?

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு லிம்போமா வரும் வாய்ப்பு, அதே வயதுடைய மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு. 1978இலேயே பின்லாந்தில் இந்தக் கூடுதல் ஆபத்தைக் கண்டு எழுதினார்கள். மெத்தோட்ரெக்சேட்டுக்கு முடக்குவாதத்துக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1988இல். உயிரியல் ஊசிகள் வந்தது அதற்கும் பத்து ஆண்டுகள் கழித்து. இன்றைய மருந்துகள் புழக்கத்துக்கு வருமுன்பே ஆபத்து இருந்தது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இரண்டு மடங்கு என்பது பெரிதாகத் தெரியும். மேலை நாட்டுப் பதிவேடுகளில் அது ஆண்டுக்கு ஆயிரம் நோயாளிகளில் சுமார் ஒருவர் என்ற அளவுதான். இந்தியாவில் லிம்போமா பொதுவாகவே அந்த நாடுகளைவிடக் குறைவு. வருவதில் ஏறத்தாழ பாதி, பரவிய பெரிய பி செல் லிம்போமா என்ற வேகமாக வளரும் வகை. வேகமாக வளர்ந்தாலும் முழுமையாகக் குணமாக்கும் வாய்ப்பு நன்றாகவே உள்ள வகை அது. நேரத்தோடு கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது அதனால்தான்.

அழற்சியின் பங்கை எடைபோட்டுக் காட்டிய முக்கிய ஆய்வு ஸ்வீடனில் நடந்து 2006இல் வெளியானது. லிம்போமா வந்த 378 முடக்குவாத நோயாளிகளை, வராத அதே எண்ணிக்கை நோயாளிகளோடு ஒப்பிட்டார்கள். வாழ்நாள் முழுதும் நோய் தணிந்தே இருந்தவர்களோடு பார்க்கும்போது, நடுத்தர அளவில் நோய் ஓடியவர்களுக்கு ஆபத்து சுமார் 8 மடங்கு. மிகக் கடுமையாக ஓடியவர்களுக்குச் சுமார் 70 மடங்கு. மூட்டுவாத மருந்துகளை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. தனித்துக் கூடுதலாகத் தெரிந்தது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அசாதியோப்ரின் என்ற மருந்து.

மருந்துவாரியாக

மெத்தோட்ரெக்சேட்டைப் பற்றி இரண்டு செய்திகளை ஒன்றோடொன்று குழப்பக் கூடாது. அதை எடுக்கும் எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் லிம்போமா பெருகியதாக உறுதியான சான்று இல்லை. வீக்கத்தை அடக்குவதால் நீண்ட நாளில் பாதுகாப்பாகக்கூட அமையலாம். ஆனால் ஒரு சிறு பிரிவினருக்கு, மருந்தால் எதிர்ப்புச் சக்தி தளர்ந்த நிலையில் ஒரு தனி வகை நிணநீர்ச் செல் பெருக்கம் வருகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களின் பி செல்கள் என்ற வெள்ளணுக்களில் வாழ்நாள் முழுதும் ஒளிந்திருக்கும். டி செல்கள் என்ற மற்றொரு வகை வெள்ளணுக்கள் அதைக் கட்டி வைத்திருக்கும். அந்தக் காவல் தளரும்போது வைரஸ் தங்கிய பி செல்கள் பெருகத் தொடங்குகின்றன. இந்த வகையில் ஒரு கணிசமான பங்கு, மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலேயே தானாகக் கரைந்துவிடும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதை எழுதினார்கள். பின்னர் ஜப்பானில்தான் மிக அதிகமாகப் பதிவானது.

அடலிமுமாப், எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற டிஎன்எஃப் (அழற்சியைத் தூண்டும் ஒரு புரதம்) தடுப்பு ஊசிகளின் தகவல் தாளில் கறுப்புக் கட்டத்துக்குள் லிம்போமா எச்சரிக்கை இருக்கும். பிரிட்டனும் ஸ்வீடனும் பல்லாயிரம் முடக்குவாத நோயாளிகளை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஊசி போட்டவர்களுக்குப் போடாத முடக்குவாத நோயாளிகளைவிட லிம்போமா கூடவில்லை. அந்த எச்சரிக்கையில் குறிப்பிடும் கல்லீரல்-மண்ணீரல் டி செல் லிம்போமா, பெரும்பாலும் குடல் அழற்சி நோய்க்காக இந்த ஊசியோடு அசாதியோப்ரின் அல்லது மெர்காப்டோப்யூரினும் சேர்த்து எடுத்த இளைஞர்களிடம் கண்டது. ஐம்பது வயதில் மூட்டு வீக்கத்துக்கு ஊசி போடும் பெண்மணிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப், உபாடாசிட்டினிப் என்ற ஜாக் தடுப்பு வகை மாத்திரைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். 50 வயதைக் கடந்த, இதய நோய்க்கான காரணி ஒன்றாவது உள்ள 4362 பேரிடம் டோஃபாசிட்டினிபை டிஎன்எஃப் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு 2022 ஜனவரியில் வெளியானது. புற்றுநோய் டோஃபாசிட்டினிப் பிரிவில் 4.2 சதவீதம், ஊசிப் பிரிவில் 2.9 சதவீதம். கூடியவற்றில் நுரையீரல் புற்றுநோயும் லிம்போமாவும் அடக்கம். அமெரிக்க மருந்து ஆணையம் 2021 செப்டம்பரிலேயே மூன்று மருந்துகளுக்கும் எச்சரிக்கையைக் கடுமையாக்கிவிட்டது. இந்தியாவில் பல நிறுவனங்கள் டோஃபாசிட்டினிபை மலிவாக விற்கின்றன. விலை மலிவு என்பதற்காக வரிசையில் முதலில் எழுதப்படும் மருந்து அல்ல அது. 65 வயதைக் கடந்தவர், பல ஆண்டுகள் புகைபிடித்தவர், முன்பே ஏதேனும் புற்றுநோய் வந்தவர் என்றால், "எனக்கு வேறு மருந்து பொருந்தாதா?" என்று சீட்டு எழுதும்போதே கேளுங்கள்.

அசாதியோப்ரினை முடக்குவாதத்துக்கு மட்டும் நீண்ட நாள் எடுப்பதற்கு இன்று நல்ல காரணம் குறைவு. நுரையீரல் பாதிப்பு, ரத்தக்குழாய் அழற்சி போன்றவற்றுக்காகக் கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசீன், லெஃப்ளுனோமைடு ஆகியவற்றில் லிம்போமா பற்றிய உறுதியான எச்சரிக்கை எதுவும் எழவில்லை. ரிட்டுக்சிமாப் பி செல் லிம்போமாவுக்கே கொடுக்கும் மருந்து. முன்பு லிம்போமா வந்து குணமான முடக்குவாத நோயாளிக்கு மற்றவற்றைவிட அதையே விரும்பித் தேர்ந்தெடுக்கலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பின் 2021 வழிகாட்டல் சொல்கிறது. போடுமுன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம். மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டும் பார்த்தால் போதாது, கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும்.

வீக்கம் உண்மையிலேயே அடங்கியிருக்கிறதா?

"வலி பரவாயில்லை" என்பது அளவு ஆகாது. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் வலியை மறைக்கும். அழற்சி அடியில் ஓடிக்கொண்டிருக்கும். சிடிஏஐ என்ற மதிப்பெண்ணை ரத்தப் பரிசோதனை இல்லாமலேயே போடலாம். 28 மூட்டுகள்: இரு தோள், இரு முழங்கை, இரு மணிக்கட்டு, விரல் அடி மூட்டு 10, விரல் நடு மூட்டு 10 (கட்டைவிரலில் அதன் ஒரே மூட்டு), இரு முழங்கால். அழுத்தினால் வலிப்பவை எத்தனை, வீங்கியவை எத்தனை என்று தனித்தனியே எண்ண வேண்டும். அதோடு நோயின் மொத்தக் கடுமைக்கு நோயாளி தரும் 0 முதல் 10 வரையான மதிப்பெண், மருத்துவர் தருவது ஒன்று. நான்கையும் கூட்டினால் கிடைப்பதுதான் சிடிஏஐ.

வலிப்பவை 6, வீங்கியவை 4, நோயாளி 5, மருத்துவர் 4 என்றால் மொத்தம் 19. 2.8 வரை இருந்தால் நோய் தணிந்த நிலை. 10 வரை குறைவு, 22 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. 19 நடுத்தரம், அதாவது மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டிய எண். பாத மூட்டுகள் இந்தக் கணக்கில் வராது. நம் ஊரில் கால் விரல் அடியில் வீக்கத்தோடு நடக்கும் பலருக்குக் கணக்கு பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும், நோய் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் பாதத்தைத் தனியே காட்டுங்கள். நோய் ஓடும்போது 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்ப்பது, 3 மாதத்தில் தெளிவான முன்னேற்றம், 6 மாதத்தில் குறைவு அல்லது தணிந்த நிலை: சர்வதேச வழிகாட்டல்கள் வைத்திருக்கும் இலக்கு இது. எட்டாவிட்டால் மாற்று என்ன என்று கேட்பது உங்கள் உரிமை.

பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடி, "பக்கவிளைவே இல்லாத" உருண்டை ஆகியவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அது வலியை அடக்கிப் பெயர் வாங்கும். லிம்போமா வந்தால் கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி அதையும் மறைத்துவிடும்.

மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்

மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மாத்திரை. பெரும்பாலோர்க்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. தினமும் போட்டுவிடுவதுதான் இதில் உயிரைப் பறிக்கும் தவறு. மஞ்சள் நிற ஃபோலிக் அமில மாத்திரையோடு மாறிப்போவது வழக்கமான காரணம். ஒரு கிழமையை நிச்சயித்து மருத்துவரின் சீட்டிலும் அட்டையிலும் எழுதி வையுங்கள். ஃபோலிக் அமிலத்தை வேறு நாளில் போடுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கை இதோடு சேர்க்கவே கூடாது. சிறுநீர்த் தொற்றுக்கு எழுதித் தந்தால் மெத்தோட்ரெக்சேட் எடுப்பதைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள்.

முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரல் என்சைம்கள், கிரியாட்டினின் மூன்றையும் முதல் 3 மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறையும், அடுத்த 3 மாதம் 8 முதல் 12 வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு 12 வாரத்துக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் பலர் பார்க்காமல் விடும் ஓர் எண்ணை நீங்களே கணக்கிடலாம். மொத்த வெள்ளணுவை லிம்ஃபோசைட் (வெள்ளணுவில் ஒரு வகை) சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுங்கள். 6200, 14 சதவீதம் என்றால் 868. இது 1000க்குக் கீழே தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள். மெத்தோட்ரெக்சேட் சார்ந்த செல் பெருக்கம் வெளிப்படும் முன் பலருக்கு இந்த எண் குறைந்திருக்கும்.

எப்ஸ்டீன்-பார் ஆன்டிபாடி பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பாசிட்டிவ்தான் வரும். அதிலிருந்து எதுவும் தெரியாது. அறிகுறியே இல்லாதவருக்கு ஆண்டுதோறும் பெட்-சிடி ஸ்கேன் எடுப்பதும் வீண். முடக்குவாதத்தில் வீங்கிய மூட்டும், அதை ஒட்டிய அக்குள் நெறியும் ஸ்கேனில் ஒளிரும். பிறகு இல்லாத நோயைத் தேடித் திரிய வேண்டியிருக்கும்.

நெறி பார்ப்பது எப்படி

மாதம் ஒருமுறை, குளித்தபின், ஐந்து நிமிடம் போதும். விரல் மடங்காதவர்கள், விரல் உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டில் ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

1. நுனியால் குத்தாமல், மூன்று விரல்களின் பஞ்சுப் பகுதியால் சிறு வட்டமாக உருட்டுங்கள். காதுக்கு முன், காதுக்குப் பின், தாடைக்குக் கீழ், அங்கிருந்து கழுத்தின் பக்கத் தசையை ஒட்டிக் கீழே, பிறகு பின்கழுத்து.
2. தோளைச் சற்று முன்னோக்கிக் குவித்துக் காறை எலும்புக்கு மேலுள்ள பள்ளத்தைத் தடவுங்கள்.
3. கையை மேசைமேல் தளர்வாக வைத்து, மறுகை விரல்களை அக்குளின் உச்சிவரை செலுத்தி விலாவை ஒட்டிக் கீழே இழுங்கள். கையைத் தூக்கிப் பிடித்தால் தசை இறுகி எதுவும் தெரியாது.
4. முழங்கையின் உட்பக்கம், எலும்பு முனைக்குச் சற்று மேலே.
5. கவட்டில், தொடை மடிப்பை ஒட்டி.
6. கண்ணாடி முன் வாயைத் திறந்து டான்சில், அண்ணம், ஈறு, நாக்கு ஓரம்.

ஆறாவதைத் தவறவிடாதீர்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் சார்ந்த சளிச்சவ்வுப் புண் என்ற வகை வாயிலும் தொண்டையிலும் தோலிலும் குடலிலும் வரும். வாய்ப்புண் போலத்தான் தெரியும். மெத்தோட்ரெக்சேட் வாய்ப்புண் பொதுவாகச் சிறிதாகவும் பலவாகவும் வந்து, ஃபோலிக் அமிலம் கூட்டினால் ஆறும். ஒரே இடத்தில், ஓரம் தடித்து, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணுக்குப் பயாப்சி, அதாவது திசு எடுத்துப் பரிசோதிப்பது, வேண்டும். மெத்தோட்ரெக்சேட் சார்ந்த செல் பெருக்கத்தில் பாதிக்கு அருகில் நெறிக்கு வெளியே, நுரையீரல், தோல், வாய், குடல் போன்ற இடங்களில் வருவதால் நெறியை மட்டும் தேடினால் போதாது.

கைமூட்டு வீங்கியிருக்கும் காலத்தில் அக்குள் நெறி சற்றுப் பெரிதாவது முடக்குவாதத்தில் சாதாரணம். வீக்கம் இறங்கினால் அதுவும் இறங்கும். கவட்டில் ஒன்றரை செ.மீ. வரை பலருக்கு இயல்பாகவே இருக்கும். கவலைக்குரியது எது? வலியில்லாதது; 1 செ.மீ.க்கு மேல் போய்க்கொண்டே இருப்பது. தொட்டால் ரப்பர் போல உறுதியானது. 4 முதல் 6 வாரமாகியும் இறங்காதது. காறை எலும்புக்கு மேல் என்றால் அளவு, காலக்கெடு எதுவும் பார்க்க வேண்டாம், அந்த வாரமே மருத்துவரிடம் போகவும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காரணம் தெரியாத காய்ச்சல், படுக்கை நனையும் இரவு வியர்வை, 6 மாதத்தில் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் இழப்பு ஆகியவையும் அவசரம். 60 கிலோ இருந்தவர் முயலாமலே 54 கிலோவுக்கும் கீழே இறங்கினால் இந்தக் கணக்கில் வந்துவிடும்.

இரு பிரிவினர் மற்றவர்களைவிடக் கூர்மையாகக் கவனிக்க வேண்டும். கண்ணும் வாயும் வறண்டு ஷோகிரன் நோய்க்குறியும் சேர்ந்தவர்களுக்கு, காதுக்குக் கீழ் உமிழ்நீர்ச் சுரப்பி ஒரு பக்கம் வீங்கி இறங்காமல் நின்றாலோ, காலில் சிவப்புப் புள்ளிகள் வந்தாலோ உடனே காட்ட வேண்டும். நெடுநாள் முடக்குவாதத்தோடு மண்ணீரலும் பெருத்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு குறைந்திருக்கும் ஃபெல்ட்டி நோய்க்குறிக்காரர்கள் மற்றொரு பிரிவினர். இவர்களுக்கு லிம்போமா ஆபத்து சாதாரண முடக்குவாதத்தைவிடப் பல மடங்கு.

நெறி கிடைத்துவிட்டது: காசநோயா, லிம்போமாவா?

நம் நாட்டில் கழுத்து நெறி என்றால் முதலில் நினைப்பது காசநோய். அது நியாயமே, டிஎன்எஃப் ஊசி போடுபவர்களுக்கு உறங்கும் காசநோய் விழிப்பது லிம்போமாவைவிட அதிகம். தவறு எங்கே நடக்கிறது என்றால், திசு எடுக்காமலேயே காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று மாதம் பார்ப்பதில். மறுபுறம், "மூட்டுநோயின் நெறிதான்" என்று ஸ்டீராய்டைக் கூட்டுவது. ஸ்டீராய்டு லிம்போமா செல்களைக் கொல்லும். கட்டி சுருங்கும், பயாப்சியில் உதிர்ந்த செல்கள் மட்டும் தெரியும், வகை பிரிக்க முடியாது, சில வாரத்தில் கட்டி திரும்பும். முடக்குவாதத்துக்காக முன்பே எடுத்துவரும் சிறு அளவு ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது, ஆனால் பயாப்சி முடியும்வரை அதைக் கூட்டவும் வேண்டாம்.

ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் எஃப்என்ஏசி மட்டும் லிம்போமாவைத் தீர்மானிக்கப் போதாது. செல்கள் தனித்தனியே வரும். நெறியின் அமைப்பு தெரியாது. அதில் 'எதிர்வினை நெறி' என்று எழுதி வந்தாலும் கட்டி இறங்கவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டைச் சான்றாக வைத்துக் காத்திருக்காதீர்கள். நெறியை முழுதாக எடுப்பதே சிறந்தது. எட்டாத இடத்தில் என்றால் ஸ்கேன் பார்த்துத் தடித்த ஊசியால் பல துண்டுகள். பல இடத்தில் நெறி இருந்தால் பெரியதை, வேகமாக வளர்வதை எடுக்க வேண்டும். கவட்டு நெறி எளிதில் கைக்கு வரும் என்று அதை எடுப்பது பெரும்பாலும் வீண், அங்கே சாதாரண அழற்சிதான் அதிகம் கிடைக்கும்.

எடுத்த திசுவைப் பிரித்து அனுப்புவதில்தான் அதிகம் சறுக்குகிறது. முழு நெறியையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. திரும்பவும் கத்தி வைக்க வேண்டிவரும். அறுவைக்கு முந்தைய நாளே மருத்துவரிடம் இப்படிச் சொல்லி வையுங்கள்: பெரிய பகுதி 10 சதவீத ஃபார்மலினில், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவத்தில், நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு, ஒரு துண்டு ஃபார்மலின் படாமல், கிருமி நீக்கிய சலைனில், ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) காசநோய்க் கிருமி வளர்ப்புக்கும். இரண்டு டப்பாவிலும் பெயரும் எடுத்த இடமும் இருக்க வேண்டும்.

ஆய்வகப் படிவத்தில் 'முடக்குவாதம், மெத்தோட்ரெக்சேட் வாரம் இத்தனை மில்லிகிராம், இத்தனை ஆண்டுகள்' என்று எழுதச் சொல்லுங்கள். மற்ற மருந்துகளையும் சேர்க்கவும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நோய்க்குறியியல் மருத்துவர் எப்ஸ்டீன்-பார் வைரஸைத் தேடாமல் விட்டுவிடலாம். தேடும் பரிசோதனை ஈபர் என்ற ஆர்என்ஏ சாயம். அதோடு சிடி20, சிடி3, சிடி30, கேஐ-67 போன்ற சாயங்கள் வேண்டும். ஈபர் சாயம் எல்லா ஊர் ஆய்வகத்திலும் இருக்காது. மெழுகுக் கட்டியை வாங்கிப் பெரிய மையத்துக்கு அனுப்பலாம். அந்த மெழுகுக் கட்டியும் கண்ணாடிச் சில்லுகளும் நோயாளிக்குச் சேர வேண்டியவை. மருத்துவமனை மாறும்போது கேட்டு வாங்குங்கள், வெயில் படாமல் வையுங்கள்.

காசநோய் உறுதியாகிச் சிகிச்சை தொடங்கினாலும், 2 மாதம் கழித்தும் நெறி வளர்ந்துகொண்டே போனால் மறுபடி திசு பார்க்க வேண்டும். சிகிச்சைக்கு நடுவே காசநோய் நெறி சற்று வீங்குவதும் உண்டு. எது எது என்று கையால் தொட்டுச் சொல்ல முடியாது.

லிம்போமா என்று வந்தால்

முதல் காரியம், மெத்தோட்ரெக்சேட் உள்ளிட்ட எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்துகளை நிறுத்துவது. இதை வாதநோய் மருத்துவரும் ரத்தப் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இருவரையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடுங்கள். கழுத்து முதல் இடுப்பு வரை சிடி அல்லது பெட்-சிடி ஸ்கேன், எல்டிஎச் (ரத்தத்தில் பார்க்கும் ஒரு என்சைம்), எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகள், தேவைப்பட்டால் எலும்பு மஜ்ஜை ஆகியவற்றைக் காத்திருக்கும் நாளிலேயே முடித்துவிடலாம்.

மருந்தை நிறுத்தியே கரையும் வகை என்றால் பெரும்பாலும் 2 வாரத்துக்குள் கட்டி இளகத் தொடங்கும். சுமார் 4 வாரத்தில் மறு ஸ்கேனோ அளவோ பார்த்து முடிவெடுப்பார்கள். எப்ஸ்டீன்-பார் பாசிட்டிவ் என்றால் கரையும் வாய்ப்பு அதிகம். லிம்ஃபோசைட் எண்ணிக்கை வாரா வாரம் ஏறுவதும் நல்ல அறிகுறி. அதற்காக வாரம் ஒரு ரத்த எண்ணிக்கை எடுங்கள். எல்லோரும் காத்திருக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மூச்சுக்குழாயை அழுத்தும் கட்டி, சிறுநீரகமோ கல்லீரலோ பாதித்த நிலை, நாளுக்கு நாள் வளர்ச்சி என்றால் உடனே சிகிச்சைதான். கரையாத பெரிய பி செல் லிம்போமாவுக்கு வழக்கமான சிகிச்சை ஆர்-சாப்: ரிட்டுக்சிமாபோடு நான்கு மருந்துகள், 21 நாளுக்கு ஒரு சுற்று, பொதுவாக 6 சுற்று. அதிலேயே ரிட்டுக்சிமாபும் ஸ்டீராய்டும் இருப்பதால் மூட்டு வீக்கம் அந்த மாதங்களில் பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.

காத்திருக்கும் 4 வாரம் மூட்டுக்குக் கடினமான காலம். மெத்தோட்ரெக்சேட் நின்ற சில வாரங்களில் மூட்டு திரும்ப வீங்கும். அந்த வேதனையில் யாரோ தந்த ஸ்டீராய்டைத் தாமாகக் கூட்டுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கட்டி கரைந்தது மருந்தை நிறுத்தியதாலா, ஸ்டீராய்டாலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. வலிக்கு என்ன எடுக்கலாம் என்பதை இரண்டு மருத்துவர்களிடமும் முதல் நாளே எழுதி வாங்குங்கள். ஒரே ஒரு மூட்டுதான் பாடுபடுத்துகிறது என்றால் அந்த மூட்டுக்குள் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள்.

கரைந்தபின் மெத்தோட்ரெக்சேட்டுக்குத் திரும்பக் கூடாது. கரைந்தவர்களிலும் ஒரு பங்குக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துத் திரும்ப வருவதால், முதல் 2 ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒருமுறை நெறிப் பரிசோதனை, ரத்த எண்ணிக்கை, எல்டிஎச் பார்ப்பது நல்லது. பிறகு இடைவெளியைக் கூட்டலாம். மூட்டை மருந்தில்லாமல் விடவும் முடியாது, அழற்சியே அடுத்த ஆபத்து. ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசீன் முதலில், போதாவிட்டால் ரிட்டுக்சிமாப். ஜப்பானிய மருத்துவர்களுக்கு இந்த இடத்தில் டோசிலிசுமாப் என்ற உயிரியல் ஊசியோடு நல்ல அனுபவம் உண்டு. டிஎன்எஃப் ஊசிக்கும் டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகளுக்கும் இங்கே பொதுவாக இடமில்லை.

நோயாளியின் கோப்பின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், இதை எழுதி ஒட்டுங்கள்: 'மெத்தோட்ரெக்சேட் சார்ந்த நிணநீர்ச் செல் பெருக்கம்', கண்டறிந்த தேதி, எப்ஸ்டீன்-பார் பாசிட்டிவா நெகட்டிவா, 'மெத்தோட்ரெக்சேட், அசாதியோப்ரின் தரக் கூடாது'. ஐந்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர், வீங்கிய கையைப் பார்த்ததும் முதலில் எழுத நினைப்பது மெத்தோட்ரெக்சேட்டாகத்தான் இருக்கும்.